கம்பத்தடிப் பலகை

மழை விட்டால் நாலே நாளில் புல் முழங்காலுக்கு வந்துவிடும் சார். அதை வெட்டுவதுதான் என் வேலை. பெருங்களத்தூருக்கு அந்தாண்டை இருக்கிற விமானப் பயிற்சித் திடலில் ஆறு வருஷமாக வெட்டுகிறேன்.

ஓடுபாதை ஓரத்தில் நாலு கம்பங்கள். நாலு தேசத்துச் செயற்கைக்கோள்கள் சொல்வதைக் கேட்டு, சரிபார்த்து, இறங்குகிற விமானத்துக்கு வழி சொல்லும். "ஒரு நாட்டுது படுத்துட்டாலும் மத்த மூணு இருக்கு ஜெயவேலு, கவலையே இல்லை" என்பார் இன்ஜினியர் ஷ்யாம்சுந்தர். நான் படுத்தால் மாற்று ஆள் கிடையாது.

போன வருஷம் மேஸ்திரி கேசவன் என் இடுப்பில் ஒரு வில்லையைக் கட்டினான். நான் நிற்கிற இடம் அவன் போனில் புள்ளியாகத் தெரியும்.

"இன்னா ஜெயவேலு, அரை மணி நேரமா புள்ளி நவுரவே இல்ல? குந்திகினு கீறியா?"

ஐம்பத்திரண்டு வயது முதுகு சார். குந்தத்தான் செய்யும்.

குரோம்பேட்டையில் செல்போன் கடை அசரியாவிடம் அலையை அடக்கும் பெட்டி வாங்கினேன். அது ஒரு தேசத்தை மட்டும் அடக்கியது. விமானங்கள் ஒழுங்காக இறங்கின. என் புள்ளியும் ஒழுங்காகத் தெரிந்தது. வில்லையும் நாலு தேசத்தையும் கேட்குமாம்.

"இத்த வெச்சுக்கோண்ணா, நாலையும் அமுக்கிடும். நீ எங்க கீறன்னு அண்ணிக்கே தெரியாது" என்று அசரியா பெரியதைக் கொடுத்தான். அதன்பின் சிக்னல் இல்லை என்று கேசவன் போனைத்தான் திட்டினான். வெயில் நேரத்தில் பைலட்டுகள் கண்ணால் பார்த்தே இறங்கிவிடுவார்கள். யாருக்கும் தொந்தரவில்லை.

அன்றைக்கு மார்கழிப் பனி. பயிற்சிக்கு வந்த ஸஹானா பாப்பா பாண்டிச்சேரி போய்த் திரும்பியது. பார்க்கும்போதெல்லாம் "அண்ணா, சாப்ட்டீங்களா?" என்று கேட்கும் பெண். விமானச் சத்தம் தலைக்கு மேலேயே கேட்டது. பெட்டி கைக்கெட்டாமல் நாலடி தள்ளி இருந்தது. எழுந்து அணைத்திருக்கலாம். அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன்.

இறங்குகையில் விமானத் திரையில் வழிகாட்டும் கோடு அறுந்ததாம். மேலே ஏறித் திரும்பிய விமானம் குன்றில் மோதிவிட்டது. நல்ல பெண்.

எழுதப் படிக்கத் தெரியாதவர், அறியாமல் செய்துவிட்டார் என்று வாக்குமூலத்தில் எழுதச் சொல்கிறார் என் வக்கீல் தீபலட்சுமி அம்மா. அது மட்டும் வேண்டாம் சார். கம்பத்தடியில் பலகை இருக்கிறது: 'அலை தடுக்கும் கருவி கூடாது. விமானம் விழும். உயிர் போகும்.' நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டப் பழகி, முதன்முதலில் நான் முழுசாக வாசித்தது அதைத்தான். பெட்டியைப் போடுமுன் தினமும் ஒரு தடவை வாசிப்பேன். அன்றைக்கும் வாசித்தேன். ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.