விசில் அடிக்காத வண்டி

டயர் நாலும் நல்ல டயர், ஷுக்ரி நானா. பிரேக் ஒரே மிதியில பிடிக்கும். இடது பக்கத்துப் பின்கதவு மட்டும் உள்ளேருந்து தொறக்காது, கண்ணாடிய எறக்கி வெளிய கைய விட்டுத்தான் தொறக்கணும். அத மொதல்லயே சொல்லிப்புடுறேன். மொனராகலையிலிருந்து பஸ் ஏறி பெரகலைக்கு வந்திருக்கீங்க. கெழட்டுக் கார ஒங்க தலையில கட்டிட்டு நான் நிம்மதியாத் தூங்க முடியாது. இப்ப மட்டும் என்ன தூங்கியா கிழிக்கிறேன், அது வேற கதை.

ஒங்காளுங்க வழக்கம் எனக்குத் தெரியும். குறைய மறைச்சு விக்கிறது ஹராம். வேற குறை ஏதும் இருக்கான்னு மூணு தரம் கேட்டீங்க. ரெண்டு தரம் இல்லேன்னேன். மூணாவது தரம் பொனட்டத் தொறந்து பாத்துட்டு, வண்டி இவ்வளவு பழசு, எயார் கிளீனர் மட்டும் ஏன் புத்தம் புதுசுன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் உக்காரச் சொன்னேன். தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

எயார் கிளீனர்னா பெரிய வித்தை ஒண்ணுமில்ல. எஞ்சின் இழுக்கிற காத்துல தூசி போகாமத் தடுக்கிற சட்டி. இந்த ஒஸ்டின் காருக்கு மொதல்ல இருந்தது அடியில எண்ணெய் ஊத்துற கறுப்புச் சட்டி. ஒரு நாள் கழுவுறப்போ கை தவறிக் கல்லு மேல போட்டேன். அதோட மூக்குக் குழாய் நசுங்கிப் போச்சு. அன்னையிலேருந்து ஏத்தத்துல மிதிச்சா விசில் அடிக்கும். கேத்தல் கொதிக்கிற மாதிரி ஒரு கீச்சு. அப்போ வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம், மாத்த முடியல. எட்டு வருஷம் அந்தக் கீச்சோடதான் ஓட்டினேன்.

இந்த மலையப் பத்தி ஒண்ணு சொல்லணும். பின்நேரம் நாலு மணிக்கு மிஸ்ட் எறங்கிச்சுன்னா நம்ம கையே நமக்குத் தெரியாது. அதனால தேயிலைத் தோட்டத்து சனங்க வண்டிகளக் காதாலதான் பாப்பாங்க. இது கொழுந்து லொறி, இது பஸ்ஸுன்னு லயத்து வீட்டு வரிசைக்குள்ள உக்காந்துக்கிட்டே சொல்லிருவாங்க. தோட்டத்த நடத்துற தொர காருக்குச் சத்தமே இருக்காது. லைட்டு மட்டும் வரும். அது வந்தா ரோட்டோரத் தண்ணிக் கான்ல எறங்கி, தலைத்துண்ட எடுத்துட்டு ஒதுங்கி நிக்கணும். யாரும் கை காட்ட மாட்டாங்க. வெள்ளக்காரன் போய்ட்டான், தோட்டத்த அரசாங்கம் எடுத்துருச்சு, கான்ல எறங்குற கால் மட்டும் இன்னும் மாறல. எங்கப்பா எறங்கினாரு. பதினாறு வயசு வரைக்கும் நானும் எறங்கினவன்தான்.

விசில் கேட்டா அப்படியில்ல. "நம்ம வீரசிங்கம் அண்ணன் வண்டி"ன்னு கைய நீட்டிக்கிட்டு ஓடி வந்துருவாங்க. நான் அதே லயத்துல பொறந்து, லொறியில கிளீனராப் போயி, நாப்பது வயசுல கார் வாங்கினவன். அந்த லயத்துலேயே மொதக் கார். அப்போ அது அவங்க கார்னு அவங்களுக்கு நெனப்பு. எனக்குத்தான் அப்படி ஒரு நெனப்பு கடைசி வரைக்கும் வரல.

பின் சீட்டுல எத்தன பேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கேன்னு எனக்கே தெரியாது. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டவன், பாம்பு கடிச்சவன், வயித்துவலிக்காரன். மூணு புள்ளைங்க இந்தச் சீட்டுலயே பொறந்திருக்கு. மூணுக்கும் வீரசிங்கம்னு பேரு வச்சாங்க. எம் பொஞ்சாதி இராக்கம்மா கொஞ்ச நாள் என்னய ஒரு மாதிரியாத்தான் பாத்தா. ஒண்ணு மட்டும் நெஞ்சத் தட்டிச் சொல்லுவேன் நானா, இந்த வண்டியில ஏறின ஒரு உசுரும் போனதில்ல.

அதுக்குக் கெடச்ச பட்டம் என்ன தெரியுமா? மருத்துவச்சி. கார் ஸ்டாண்டுல என்னயப் பாத்ததும், மருத்துவச்சி வந்துட்டா, சுடுதண்ணி வைங்கன்னு சிரிப்பானுங்க. நானும் கூடச் சேந்து சிரிப்பேன். சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து சீட்டுத் துணியப் பிச்சு இராக்கம்மாகிட்ட கழுவக் குடுப்பேன். அவ ஒருநாளும் மொகஞ்சுளிக்கல. நான்தான் மூக்கப் பொத்திக்கிட்டு நிப்பேன்.

போன வருஷம், எழுபத்தொம்பதுல, சாமான் தாராளமா வரத் தொடங்கிச்சு. பெட்ரோல் ரொம்பக் குடிக்குதுன்னு கொழும்புக்குப் போயி, பஞ்சிகாவத்தையில ஜப்பான் வேனுக்குப் போடுற எயார் கிளீனர் ஒண்ணு வாங்கினேன். உள்ள கடுதாசி மடிச்சு மடிச்சு வச்சிருக்கும். ஒஸ்டினுக்கு அது நேரா உக்காராது. பதுளையில லேத்துக்காரன்கிட்ட குடுத்து ஒரு வளையம் கடைஞ்சு எடுத்தேன். காபுரேட்டர் வாயில அந்த வளையம், அதுமேல ரப்பர் குழாய், ரெண்டு கிளிப். தகரத்த வளைச்சு நானே ஒரு தாங்கி செஞ்சேன். ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க அதுக்குப் போச்சு. ஸ்டார்ட் பண்ணி மிதிச்சேன். விசில் இல்ல. கீச்சு இல்ல. வெண்ணெய் மாதிரி ஏத்தத்துல ஏறிச்சு.

அன்னைக்கு வீட்டு வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டினப்போ இராக்கம்மா கையத் தொடச்சிக்கிட்டே ஓடி வந்தா.

"சத்தமில்லாம வந்து நிக்கிறீங்க. தொர யாரோ வந்துட்டாருன்னு பயந்துட்டேன்."

வெக்கத்த விட்டுச் சொல்றேன், எனக்கு அது பிடிச்சுப் போச்சு. கல்யாணம் கட்டி இருவத்திரண்டு வருஷத்துல அவ என்னயப் பாத்துப் பயந்தது அன்னைக்குத்தான். கண்ணாடி முன்னாடி நின்னு மீசையத் தடவிப் பாத்தேன். மீசை அதே மீசைதான்.

ஒம்போது நாள் அப்படி ஓட்டினேன். மிஸ்ட்டுக்குள்ள ஒருத்தன் மறிக்கல. பத்தாவது நாள் பின்நேரம் ஹப்புத்தளைக்கு ஏறிக்கிட்டிருந்தேன். வண்டி நெறைய ஆளு. மிஸ்ட்டு சுவர் மாதிரி நின்னுச்சு. லயத்து முடக்கு வளைவுல லைட்டு வெளிச்சத்துல ஆளுங்க தெரிஞ்சாங்க. ஒரு கம்புல கம்பளியத் தூளியாக் கட்டி ரெண்டு பேர் தோள்ல வச்சிருந்தாங்க. பக்கத்துல ஒரு பொம்பள குடை பிடிச்சிருந்தா. யாரும் ரோட்டப் பாக்கல, காதக் குடுத்துக்கிட்டு நின்னாங்க.

வண்டி நெறைய ஆளுன்னேன்ல, அது பொய். வண்டி காலி. மூணு தரம் கேட்ட மனுசன்கிட்ட இதுக்கு மேல பொய் சொல்லக் கூடாது.

தூளியில இருந்தவ யாருன்னும் எனக்குத் தெரியும். பாக்கியலெட்சுமி. கவ்வாத்துக்காரன் ரெங்கசாமி பொஞ்சாதி. மூணு கெழமைக்கு முன்ன ரெங்கசாமி வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போயிருந்தான்.

"அண்ணே, இவளுக்கு இந்த மாசக் கடைசியில நாள். மொதப் புள்ள வயித்துலயே செத்துருச்சு. தோட்டத்து லொறிய நம்ப முடியல. ஒங்க விசில் கேட்டாப் போதும், ரோட்டுக்குத் தூக்கியாந்துருவோம்."

வாடா, அதுக்கென்னன்னு தட்டிக் குடுத்து அனுப்பினேன். அதுக்கு மறுநாள் காலையிலதான் கொழும்பு பஸ் ஏறினேன். பெட்ரோல் ரொம்பக் குடிச்சதும் நெசம்தான். எட்டு வருஷமாக் குடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

லைட்ட மட்டும் பாத்துட்டு அவங்க ஒதுங்கினாங்க, நானா. சத்தம் இல்லையே, தொர கார்னு நெனச்சுட்டாங்க. தூளியோட கான்ல எறங்கினாங்க. ரெங்கசாமி தலைத்துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சிக்கிட்டான். கைய நீட்டினா அவன் தோள் எனக்கு எட்டும். பக்கத்துல போறப்போ கார அடையாளம் தெரிஞ்சிரக் கூடாதுன்னு லைட்டக் கண்ணக் கூசுற மாதிரி முழுசாப் போட்டேன். தூளிக்குள்ளேருந்து ஒரு முனகல் கேட்டுச்சு. வண்டியில சத்தமில்லாததால அது நல்லாவே கேட்டுச்சு. அந்த முடக்கத் தாண்டுற வரைக்கும் நான் தொர. பதினாறு வருஷம் கான்ல நின்னவன், ஒரு நிமிசம் ரோட்டு நடுவுல போனேன்.

திரும்பி வரணும்னு நெனைக்காம இல்ல. மேல திருப்புறதுக்கு ஒரு அகலமான எடம் இருக்கு. அங்க நிப்பாட்டினேன். எறங்கினேன். பொனட்டத் தொறந்தேன். ஸ்க்ரூ டிரைவர எடுத்து, இறுகியிருந்த கிளிப்ப இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அப்புறம் ரெண்டாவது கிளிப்ப இறுக்கினேன். பிறகு ஹப்புத்தளைக்குப் போயி பால் இல்லாத பிளேன்டி ஒண்ணு குடிச்சேன். சீனி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு.

விடிஞ்ச பொறகு ஸ்டாண்டுல சொன்னாங்க. ரோட்டோரத்துலயே போய்ட்டாளாம், புள்ளையும் கூடவே. அன்னைக்கு யாரும் என்னய மருத்துவச்சின்னு கூப்புடல. நான் வண்டி ரிப்பேருன்னு சொல்லி, படங்கு போட்டு மூடி வச்சேன்.

காரியமெல்லாம் முடிஞ்ச பொறகு ரெங்கசாமி வந்தான். தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்துட்டான்னு நெனச்சேன். வந்தவன் படிக்கட்டுல உக்காந்து எனக்கு ஆறுதல் சொன்னான். எனக்கு.

"ஒங்க விசில் கேக்கும் கேக்கும்னு ரெண்டு மணித்தியாலம் நின்னோம்ண்ணே. வண்டி ரிப்பேருன்னு பொறகுதான் சொன்னாங்க. நீங்க மனசுல வச்சிக்கிடாதீங்க. ஒரு தொர காரு மட்டும் போச்சு. கை காட்டவா வேணாமான்னு யோசிக்கிறதுக்குள்ள போயிருச்சு."

நான் என்ன சொன்னேன்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். "தொரமாருக்கு எங்கடா ஈவிரக்கம்"னு சொன்னேன். குரல் தழுதழுத்துப் போச்சு. இராக்கம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டா. ரெங்கசாமி எங்கையப் பிடிச்சுக்கிட்டான். கங்காணிமாரு கூட அப்படியொரு மரியாதையோட எங்கையப் பிடிச்சதில்ல. நான் உருவிக்கல.

இதுதான் அந்தப் புது கிளீனரோட கதை. தூக்குல போடுற குத்தமான்னு பாத்தா, சட்டத்துல எடமே இல்ல. எஞ்சின் சத்தத்தக் கொறைக்கிறது நல்ல காரியம்னு பொலிஸ்காரனே சொல்லுவான். நான் நல்லா யோசிச்சுட்டேன்.

பழைய கறுப்புச் சட்டி டிக்கியில இருக்கு. தூக்கிப் போட மனசு வரல, வாராவாரம் எண்ணெய் போட்டுத் தொடச்சு வைக்கிறேன். மொனராகலைக்குப் போயி வேணும்னா மாட்டிக்கோங்க. இந்த மலைய விட்டு எறங்குற வரைக்கும் மட்டும் மாட்டாதீங்க. விசில் கேட்டா இன்னும் ஓடி வருவாங்க.

மத்தபடி வண்டியில ஒரு குறையும் இல்ல, நானா. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. இதுல ஏறின ஒரு உசுரும் போனதில்ல.