பதிலுக்கு ஓர் அழுத்தம்

சனிக்கிழமை மல்யுத்த ஆட்டத்துக்கு நாற்காலி போடுவதும் என் வேலைதான். பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படை மண்டபம் சின்னது. முன் வரிசையை மேடையை ஒட்டிப் போட்டால், வெளியே விழுகிறவருக்கு இடம் இருக்காது. அதனால் நான் எப்போதும் கொஞ்சம் தள்ளியே போடுவேன். நான் கவனமானவன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் நடுவர். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி முடிவானது. நடுவரின் உண்மையான வேலை வேறு. ஒருவர் பலமாக விழுந்தால் குனிந்து அவர் கையை அழுத்த வேண்டும். அவர் திரும்ப அழுத்தினால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அதை எதிராளியின் காதில் சொல்ல வேண்டும். அழுத்தாவிட்டால் என் கைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடிக்க வேண்டும். ஆட்டம் நின்றுவிடும்.

வில்லனாக ஆடும் வெர்னன் கோசாக் பழைய பாணிக்காரர். எதிராளியின் கையை முறுக்கிக்கொண்டு நெடுநேரம் கிடப்பார். ஒரு காலத்தில் அதற்கே கூட்டம் கொதித்துப்போய் அவர்மீது பாப்கார்னை வீசுமாம். இப்போது வில்லனை யாரும் வெறுப்பதில்லை. கழுத்து மடங்குகிற மாதிரி விழுந்தால், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கும் தள்ளியவருக்கும் சேர்த்துக் கத்துகிறார்கள்.

அன்று உடை மாற்றும் அறையில் இளையவன் டேரியனை வெர்னன் வம்புக்கு இழுத்தார்.

"என்னடா, இன்னிக்கும் கயித்து மேல குரங்கு வித்தைதானா?"

"உங்க பிடியில முன் வரிசையே குறட்டை விடுது பெருசு. ஒரே ஒரு தடவை என்கூட மேலேருந்து விழுந்து பாருங்க. தலையில தூக்கி வெச்சு ஆடுவாங்க."

"அப்புறம் என் முதுகுக்கு உங்கப்பனா வந்து தைலம் தேய்ப்பான்?"

சிரித்தார். ஆனால் சம்மதித்தார்.

விழுந்தார். மண்டபம் முழுக்க எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. நான் குனிந்து கையை அழுத்தினேன்.

மாலை வகுப்பில் முதலுதவி படிக்கிறேன். கழுத்தில் அடிபட்டவரின் கை எப்படி இருக்கும் என்று அந்த வாரம்தான் நடத்தியிருந்தார்கள்.

கயிற்றின் மேலிருந்து டேரியன் அவர்மீது குதிப்பது மட்டும் மிச்சமிருந்தது. "எப்படி இருக்காரு? குதிக்கவா?" என்றான்.

அந்தச் சத்தத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கைகளைக் குறுக்கே பிடித்திருந்தாலும் கூட்டம் நம்பியிருக்காது. போன மாதம்தான் அதையே பொய்யாகக் காட்டி அவர்களை ஏமாற்றியிருந்தோம், யோசனை என்னுடையது. டேரியன் நம்பியிருப்பான். அது எனக்குத் தெரியும்.

"அழுத்திட்டாரு. குதி," என்றேன்.

அவன்மேல் வழக்கு எதுவும் வேண்டாம். அவன் கேட்டான், நான் பதில் சொன்னேன். அந்தக் கை அசையவே இல்லை.

வெர்னனுக்காகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன்; அப்படி ஒரு கைதட்டல் அவருக்குக் கிடைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. சில நாள் இதிலும் சந்தேகம் வருகிறது. களைப்பாக இருக்கிறது.

ஞாயிறுதோறும் மருத்துவமனைக்குப் போகிறேன். படுக்கையோரம் உட்கார்ந்து அவர் கையை அழுத்துகிறேன். "ஏதாச்சும் தெரியுதாப்பா?" என்று அவர் மனைவி கேட்கிறார்.

நேற்றும் சொன்னேன், திரும்ப அழுத்தினார் என்று.