கடைசிப் பக்கத்திலிருந்து

"இந்த வாரமாவது அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிடுங்க அச்சாச்சா. பாவம், நூத்துப் பதினாலு வாரமா ஜன்னல்கிட்டயே நிக்கிறா."

"பண்ணி வெச்சா அடுத்த வெள்ளிக்கிழமை யாருடி பத்திரிகை வாங்குவா?"

என் தங்கை திரேஸ்யா சிரித்தாள். "உங்க கதையில ஒருத்தி நல்லா இருந்துட்டா உங்களுக்குத் தூக்கம் வராது" என்றபடி பேனாவில் மை நிரப்பி, நான் எழுதியதில் கடைசிப் பக்கத்தை முதலில் எடுத்தாள்.

நான் கேரளத்துப் பாலா ஊர்க்காரன். கோட்டயத்து வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதுகிறவன். என் கையெழுத்தைப் பார்த்து, கோழி கிளறிய முற்றம் என்பார்கள் அச்சகத்தில். அதைப் படிக்கத் தெரிந்தவள் திரேஸ்யா ஒருத்திதான். செவ்வாய்க்கிழமைக்குள் அவள் நகலெடுத்துக் கொடுத்தால் காலை பஸ் கண்டக்டர் கையில் கோட்டயம் போய்ச் சேரும். கதை முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாதென்று கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதுவாள். வரிகள் கண் வழியே வந்து கை வழியே போய்விடும். நடுவில் எங்கும் தங்காது. கதையை அச்சில்தான், பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்துதான் படிப்பாள், படித்து அழுவாள்.

இப்படியொரு நம்பிக்கை எந்த எழுத்தாளனுக்கும் வாய்க்காது. அதைப் பொறுப்போடு பயன்படுத்தினேன் என்றுதான் சொல்வேன்.

அதே வாரம் பாப்பச்சனிடமிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன்; குவைத் விசா கிடைத்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் புறப்படும் முன்பே பெண் கேட்டு வருவதாக எழுதியிருந்தான். திரேஸ்யா கதவோரம் வந்து நின்றாள்.

"எனக்கு இதெல்லாம் எழுத வராது அச்சாச்சா. நீங்க எழுதிக் குடுங்க, நான் பார்த்து எழுதிடறேன்."

"என்ன எழுதணும்?"

"வந்து வீட்டுல கேளுங்கன்னு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் அது கடிதமாகுமா? வாசகனிடம் எதையும் நேரடியாகக் கேட்கக் கூடாது. அவனே கண்டுபிடித்தது போல அவனுக்குத் தோன்ற வேண்டும். எனவே முதலில் எங்கள் அப்பாவின், அப்பச்சனின், மூச்சிரைப்பை வைத்தேன். இரவில் அவருக்கு வெந்நீர் கொடுப்பது யார் என்பதைப் போகிற போக்கில் சொன்னேன். பாப்பச்சனின் நல்ல குணத்தைத் தாராளமாகப் புகழ்ந்தேன். ஒருவனைத் திருப்பி அனுப்புமுன் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பதுதானே மரியாதை. கடைசியில் ஒரு சின்ன வாக்கியம்: 'இந்த வீட்டின் விளக்கை அணைக்க வேண்டியவள் நான்.' சின்ன வாக்கியத்துக்குப் பின் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவள் சொன்ன அந்த ஒரு வரிக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. வேண்டுமானால் சரிபாருங்கள்.

அவள் அதையும் கடைசிப் பக்கத்திலிருந்தே எழுதினாள், வெட்கத்தில் முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு. "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பாப்பச்சன் குவைத் போனான். பதில் வரவில்லை. அவள் இரண்டு வருடம் தபால்காரனைப் பார்த்தாள், பிறகு பார்ப்பதை நிறுத்தினாள். என் தொடர் ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. ஜன்னலோரம் ஒரு பெண் எப்படிக் காத்திருப்பாள் என்று நான் எழுதியதை உயிரோட்டமானது என்று வாசகிகள் கொண்டாடினார்கள். கவனித்து எழுதியது, வேறென்ன.

பத்தொன்பது வருடம் கழித்து, இந்த வருடப் பெருநாளில், மாதா கோயில் வாசலில் பாப்பச்சனைப் பார்த்தோம். மனைவி, இரண்டு பெண்களோடு வந்திருந்தான். அவர்கள் மெழுகுவர்த்தி வாங்கப் போன நேரத்தில் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"என்னை வேண்டாம்னு இவ்வளவு அழகா யாராலயும் சொல்ல முடியாது திரேஸ்யா. எட்டு மாசம் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலயே வெச்சிருந்தேன்."

அங்கே நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நேரில் ஒரு வாசகன் கிடைப்பது அபூர்வம். "எந்த இடம் ரொம்பத் தொட்டுச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

"அந்த விளக்கு அணைக்கிற வரிதான்."

சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. திரேஸ்யா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கப்பக்கிழங்கும் மீன்குழம்பும் எடுத்து வைத்தாள். செவ்வாய்க்கிழமை நகலும் கொடுத்தாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன்.

நேற்று மத்தியானம் மறுபடியும் கதவோரம் வந்து நின்றாள். கோழிக்கோட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன் வேலைக்கு அவளைப் பல வருடமாகக் கூப்பிடுகிறார்கள்.

"ஒரு கடிதம் எழுதணும் அச்சாச்சா. ஒண்ணாந்தேதி வர்றேன்னு. அவ்வளவுதான்."

எழுதினேன். ஒண்ணாந்தேதி வருகிறேன் என்றே எழுதினேன். முன்னால் மட்டும், அண்ணனுக்குக் கண் மங்கி வருவதைப் பற்றி இரண்டு வரி. நான் கண்ணாடி போடுவது உண்மைதானே. கடைசியில் ஒரு சின்ன வாக்கியம். அவள் நன்மைக்காகத்தான்.

இரண்டு தாள்களையும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை, பேனாவையும் எடுக்கவில்லை. எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே கேட்டிருக்கணும். வெக்கமா இருந்துச்சு" என்றாள். "முதல் வரியிலேர்ந்து வாசிச்சுக் காட்டுங்க அச்சாச்சா."