ஒன்பது நிமிஷப் பதிவு

“சார், அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்.”

“என்னன்னு நீயே கேட்டு வையேன்மா.”

“கேட்டுட்டேன் சார். எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறாங்க. ‘எம் புள்ள என் கண்ணப் பாத்துப் பேசட்டும், அப்ப கேட்டுக்கறேன்’கிறாங்க.”

“தினமும் பேசிட்டுதானே இருக்கேன்?”

“ஆமா சார்... தினமும் அதே கட்டம் போட்ட சட்டையில,” என்று சொல்லி ஆஸ்பத்திரி நர்ஸ் போனை வைத்துவிட்டாள்.

ராத்திரி பதினொன்றே முக்கால். கண்ணுக்கெட்டிய வரை ஒரு வீடு இல்லாத ரோடு. தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்த டைல்ஸ் மாமாவுக்கு ஒரு மாதத்துக்கு முந்தைய அந்தப் பேச்சு அப்போது ஏன்தான் ஞாபகம் வந்ததோ...

டைல்ஸ் மாமா யாரென்றால், நம்மோடு வேலை பார்க்கிற தோழியின் பெரிய மாமா. டைல்ஸ் கடை முதலாளி. அவர் காரில் ஒரு கேமரா உண்டு. உள்ளே நடப்பதையும் பேசுவதையும் பதிவு செய்யும். அந்த ராத்திரிப் பதிவை மாமாவின் மனைவி, அத்தை, ஒரே ஒரு தடவைதான் போட்டுப் பார்த்தாராம். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... சொல்கிறேன்.

மாமாவின் அம்மாவுக்கு ஒட்டிக்கொள்கிற காய்ச்சல். தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். சொந்தபந்தம் யாரும் உள்ளே போகக் கூடாது. சாயங்காலம் ஏழு மணிக்கு நர்ஸ் ஒரு போனைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அறை அறையாக எடுத்துப் போவாள். ஆளுக்குப் பத்து நிமிஷம் வீடியோ கால். படிவத்தில் எழுதிக் கொடுத்த நம்பருக்கு மட்டும்தான் பேசலாம். அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே பிள்ளை, ஒரே நம்பர்.

ஏழு மணிதான் கடையில் கூட்டம் நெரிகிற நேரம். மாமா இரண்டு நாள் பேசினார். மூன்றாம் நாள், “ஹீரோவுக்கே சினிமாவுல டூப் இருக்கான். எனக்கு இருந்தா என்னய்யா?” என்று கடை மேனேஜரிடம் சிரித்தபடியே ஒரு வேலை செய்தார். கேமரா முன்னால் உட்கார்ந்து தன்னையே ஒன்பது நிமிஷம் படம் பிடித்தார். “ம்... சரிம்மா...” கொஞ்சம் இடைவெளி. தலையாட்டல். மறுபடி, “சரிம்மா...”

அம்மாவின் அழைப்பு வந்ததும், போனைக் கம்ப்யூட்டருக்கு எதிரே நிறுத்திவிட்டு அந்தப் பதிவை ஓடவிடுவார். அவர் பாட்டுக்கு வியாபாரத்தைப் பார்ப்பார்.

பதினோரு நாள். முகத்தில் மாஸ்க், மங்கிய கண்... அந்த அம்மா பதிவோடு பேசினாள்.

பதிவு ஓடத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் மதியம்தான் நர்ஸ் அப்படிப் போன் செய்தது. நாளைக்குத் தானே போனில் பேசிக்கொள்ளலாம் என்று மாமா அன்றைக்கும் பதிவையே ஓடவிட்டார். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அம்மா போய்விட்டாள்.

“நீங்க சரிம்மா, சரிம்மான்னு சொல்லிட்டே இருந்தீங்க சார்,” என்றாளாம் நர்ஸ். “நாங்க முகத்த மூடின பிறகும்...”

அன்றிரவே மாமா பதிவை அழித்தார். மறுநாள் ஏழு மணிக்கு வார்டு நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தால் ஆளில்லை. கண்ணாடிக் கவர் கசங்குகிற சத்தம் மட்டும்... சரக்... சரக்... நம்பரைத் தடுத்து வைத்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் நிம்மதி.

இப்போது, அந்த ரோட்டில், ஸ்டாண்டில் இருந்த போன் ஒளிர்ந்தது. வார்டு நம்பர். மாமா கை வைக்கவில்லை. அழைப்பு தானாகவே திறந்தது.

காருக்குள் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை.

திரையில் பனி மூட்டம் போல ஒரு மங்கல். மெல்லத் தெளிந்தது. யாரோ கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னந்தலை தெரிந்தது. காதுக்குப் பின்னால் மச்சம்... மாமா தன் காதைத் தொட்டுப் பார்த்தார். திரையில் இருந்தவரும் தொட்டார்.

பின்சீட்டிலிருந்து யாரோ அவரைப் படம் பிடிக்கிறார்கள்.

சரக்... சரக்...

பிரேக்கை மிதித்தார். கார் கேட்கவில்லை. கதவுகள் நான்கும் டக்கென்று பூட்டிக்கொண்டன.

“அம்மா... தப்புதாம்மா. என்னை விட்டுடும்மா.”

பின்னாலிருந்து, ஒவ்வொரு மூச்சாக இழுத்து இழுத்து, “ம்... சரிப்பா...” கொஞ்சம் இடைவெளி. “சரிப்பா...”

“கும்பிடறேம்மா!”

“சரிப்பா...”

கார் வேகம் எடுத்தது. சில்லென்ற ஒரு கை, ரப்பர் உறை போட்ட கை, அவர் தாடையைப் பிடித்துக் பின்சீட்டைக் காட்டுகிற கண்ணாடிப் பக்கம் நிமிர்த்தியது. வேறு வழியில்லை. பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள், மங்கல் துளியும் இல்லாமல்.

“இப்பதான்டா என் கண்ணப் பாக்கற.”

என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது என்று மாமா பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். கேமராவில் அது தெளிவாகத் தெரிந்தது என்று அத்தை சொன்னாராம்.

“அங்க தனியா படுத்திருக்க முடியலப்பா,” என்றது குரல். “எங்கூடவே வந்துடறியா?”

அப்போது ஸ்டாண்டில் இருந்த போன், அவர் எப்போதோ அழித்த அவருடைய குரலில்,

“ம்... சரிம்மா...”