ஆறும் ஏழும் சேரும் நாள்

— ஏழு நாளைக்கு ஒரு தடவையா? உனக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவைதானே லீவு?

— இந்த வாரத்திலேருந்து மாறிடுச்சு. டீ ஆறுது, குடிங்க. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இருபது நிமிஷம்தான் இருக்கு.

— தினம் இதே இருபது நிமிஷம். பேக்கரியிலேருந்து மாவு ஒட்டின கையோட நான் உள்ள வர்றேன், நர்ஸ் டிரெஸ்ஸை மாட்டிக்கிட்டு நீ வெளிய போற. நாம புருஷன் பொண்டாட்டியா, இல்ல ஷிஃப்ட் மாத்திக்கிற ஆளுங்களா?

— அதைப் பத்தித்தான் பேசறேன். அந்தக் காலண்டரை எடுங்க.

— எடுத்து? எனக்கு ஆறு நாளைக்கு ஒரு லீவு, உனக்கு எட்டு. இருபத்துநாலு நாளைக்கு ஒரு தடவை ரெண்டும் சேரும்னு நீதான் சொன்னே. மூணு மாசமா எங்க சேர்ந்துச்சு?

— இருங்க, எண்ணிப் பார்க்கலாம். நாளைய தேதியை ஒண்ணுன்னு வச்சுக்குங்க. உங்க லீவு எதுல வருது?

— ரெண்டு, எட்டு, பதினாலு, இருபது…

— என்னோட பழைய கணக்குல அஞ்சு, பதிமூணு, இருபத்தொண்ணு, இருபத்தொம்பது. என்ன தெரியுது?

— உனக்கெல்லாம் ஒத்தைப்படை. எனக்கெல்லாம் ரெட்டைப்படை.

— ஆறும் ரெண்டால வகுபடும், எட்டும் ரெண்டால வகுபடும். அதனால ஒத்தையில இருக்கறது ஒத்தையிலயே போகும், ரெட்டை ரெட்டையிலயே போகும். கிழவன் கிழவி ஆகற வரைக்கும் எண்ணினாலும் சேராது.

— அட கடவுளே! சரி, ஏழு மட்டும் என்ன சாதிச்சுடப் போகுது? ரெண்டாலயும் போகாது, மூணாலயும் போகாது, முரட்டுப் பய. பள்ளிக்கூடத்துல அதுக்கு என்னமோ பேர் சொல்வாங்களே?

— பகா எண். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது.

— அதான் பாரு. ஆறோட அதுக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எந்த வார்டுல இந்த ஏழு?

— தீக்காய வார்டுல.

— அங்கயா? அந்த வார்டுன்னாலே எல்லாரும் ஓடி ஒளிவாங்கன்னு சொல்லுவியே! உன் தலையில கட்டிட்டாங்களா?

— இல்லைங்க. ஹெட் நர்ஸ்கிட்ட நானே கேட்டு வாங்கினேன்.

— நீயே கேட்டியா?

— ம்.

— புரியுது. என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலை. நேராவே சொல்லியிருக்கலாமே.

— அவசரக்குடுக்கை! பென்சிலைப் பிடிங்க. எனக்கு அஞ்சு, பன்னெண்டு, பத்தொம்பது. ஒத்தை, ரெட்டை, ஒத்தை. ஒரு பக்கமா நிக்காது. அடுத்தது?

— இருபத்தாறு.

— உங்களுக்கு இருபதுக்கு அப்புறம்?

— இருபத்து… ஆறு. ஏய்!

— ஆறுக்கும் ஏழுக்கும் பொதுவா வகுக்கற எண் ஒண்ணைத் தவிர கிடையாது. அதனாலயே நாப்பத்திரண்டு நாளுக்குள்ள ஒரு தடவை சேர்ந்தே தீரும்.

— அப்ப முழுசா ஒரு நாள்! அதான் பாரு, என்ன பண்ணுவோம் அன்னிக்கு?

— பத்து மணி வரைக்கும் தூங்குவோம். அப்புறம் அந்தச் சின்ன ரூமைத் திறப்போம்.

— அந்த ரூமையா?

— சின்னச் சின்னத் துணி, மடிச்சது மடிச்சபடியே கிடக்கு. குழந்தை தங்கலைன்னு சொல்லி அனுப்பினாங்களே, அன்னிலேருந்து நாம சேர்ந்து ஒரு தடவைகூட அழலைங்க. நான் ஆஸ்பத்திரி பாத்ரூம்ல அழறேன். நீங்க எங்க அழறீங்கன்னுகூட எனக்குத் தெரியாது.

— அடுப்புப் பக்கத்துல. கண்ணு சிவந்திருந்தா சூடுன்னு நினைச்சுப்பாங்க.

— ம்.

— ஒண்ணு சொல்லணும். கோச்சுக்காதே.

— பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. சொல்லுங்க.

— முன்னெல்லாம் இருபத்துநாலு நாளைக்கு ஒரு தடவை நம்ம லீவு சேர்ந்துதானே வந்துச்சு? அது நடந்த பிறகு, சூப்பர்வைசர்கிட்ட என் லீவை ஒரு நாள் தள்ளி வைக்கச் சொன்னது நான்தான். நாள் பூரா உன் எதிர்ல உட்கார்ந்து என்ன பேசறதுன்னு பயம். உன் மேல வெறுப்பு இல்லம்மா, சத்தியமா இல்ல.

— தெரியும்.

— எப்படித் தெரியும்?

— நான் பேக்கரிக்கு ரொட்டி வாங்க வந்தப்ப உங்க சூப்பர்வைசரே சொன்னாரு. அதனாலதான் இந்த ஏழு நாள் கணக்கைக் கேட்டு வாங்கினேன். இனிமே நீங்க எத்தனை நாள் தள்ளிப் போனாலும், என்கிட்ட வந்து சேர்ந்துதான் ஆகணும்.