தண்ணீர் குறைத்த பன்னிரண்டு தொட்டிகள்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, நம் சங்கத்து அண்ணன்மாரே, அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் சாவித்திரி. கொல்கத்தாவின் பெஹாலாவில் இருந்து இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. புல் ஆராய்ச்சி செய்த முனைவர் பிரியம்வதா அம்மாவின் தொட்டிகளுக்குப் பதினோரு வருடம் தண்ணீர் ஊற்றியவள்.

ஒரே புல், ஒரே மண். நிழலில் கொஞ்சம், வெயிலில் கொஞ்சம், தண்ணீர் குறைத்துக் கொஞ்சம். எதற்கு? நிழலில் வளர்ந்த இலை லேசாக இழுத்தாலே கிழியும். தண்ணீர் இல்லாமல் வெயிலில் வளர்ந்தது நார் மாதிரி. மாடு இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அரை வயிற்றோடு படுத்துவிடும். எவ்வளவு காய்ந்தால் எவ்வளவு கெட்டியாகும் என்று ஒவ்வொரு இலையையும் மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தவர் பிரியம்வதா அம்மா! வாய் பேசாத மாட்டுக்காக இப்படி யார் உழைப்பார்?

முதல் வருடம், வைகாசி வெயில். தண்ணீர் குறைத்த வரிசை துவண்டு கிடந்தது. மனசு கேட்கவில்லை, தொட்டிக்கொரு சொம்பு ஊற்றிவிட்டேன். ஒரு பருவத்து வேலை போச்சு. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சாவித்திரி, அந்தச் சொம்பை என் தலையில கவுத்திருந்தா எனக்காவது குளிர்ந்திருக்குமே!" என்றார். பிறகு, "புல்லுக்குத் தாகம், சரி. வறண்ட ஊர் மாட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை.

போன செவ்வாய்க்கிழமை டாலிகஞ்ச் மெட்ரோ படியில் விழுந்தார். எழவில்லை. மறுநாள் இலை வெட்டும் நாள். பையில் கத்தரிக்கோல் இருந்தது. ஐயோ, ஒரு நாள் பொறுக்கக் கூடாதா!

திங்கட்கிழமை லாரி வந்து தொட்டிகளை அள்ளப் போகிறது. ஸ்ரீநாத் சார், ஆராய்ச்சி நிலையம் உங்கள் பொறுப்பில், நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் மேல் குறை இல்லை. ஆனால் தண்ணீர் குறைத்த வரிசையில் பன்னிரண்டு தொட்டி இருக்கிறது. இன்று வரை அந்தப் பன்னிரண்டுக்கும் நான் கூடுதலாக ஒரு சொட்டு ஊற்றவில்லை. இலை வெட்டவும் மெஷினில் மாட்டவும் எனக்குத் தெரியும். மெஷின் அறையைத் திறந்துவிட்டு, நோட்டில் எழுத ஒருவர் வந்தால் போதும். அரை நாள் வேலை. வருவீர்களா?

வேலையைத் தொடர்வோம் என்று இங்கே எல்லாரும் சொன்னீர்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஞாயிறு சாயங்காலம் வரை மெஷின் அறை வாசலில் உட்கார்ந்திருப்பேன். யாரும் வர மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. வராவிட்டால், லாரி வருவதற்கு முன்னால் அந்தப் பன்னிரண்டுக்கும் வயிறு நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுவேன்.

இந்தத் தடவை திட்டுவதற்கு அம்மா இல்லை.