ஐந்தாவது சிலிண்டரின் நடுக்கம்

அந்த ஸ்டூல் ஆடும் சார், இந்த நாற்காலியில் உட்காருங்கள். எது ஆடினாலும் எனக்குப் பிடிக்காது, இன்ஜினாக இருந்தாலும் சரி. இந்த ஓடுதளத்தில் சின்ன விமானங்களைப் பழுது பார்ப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே நீங்கள் விசாரிக்க வேண்டிய ஆளும் நானே.

என் மாப்பிள்ளை தங்கமான பையன். பார்சல் விமானம் ஓட்டுகிறார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் வேலை கிடைத்திருக்கிறது, என் மகளையும் அழைத்துக்கொண்டு அங்கேயே போய்விடப் போவதாகச் சொன்னார். எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் அம்மா இருந்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். நான் அழவில்லை, வேலையைப் பார்த்தேன்.

அவருடைய இன்ஜினில் ஆறு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் பெட்ரோலைப் பீய்ச்ச, ஊசித் துளை போட்ட ஒரு நாசில். ஐந்தாவது நாசிலில் மட்டும் கொஞ்சம் முடியைத் திணித்தேன். அந்தச் சிலிண்டர் பட்டினி கிடக்கும், இன்ஜின் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும். வேடிக்கை என்னவென்றால், பெட்ரோல் செலவைக் காட்டும் முள் மட்டும் கூடுதலாகக் காட்டும்.

"மாமா, இது ரொம்பக் குடிக்குதே?"

"அதான் கை கால் நடுங்குது மாப்ளே. விடுங்க, நான் பாத்துக்கறேன்."

அடைத்த நாசிலை ஐந்திலிருந்து இரண்டுக்கு மாற்றினால் கோளாறும் கூடவே இரண்டுக்குப் போகும். அதை வைத்துத்தான் நாங்கள் குற்றவாளியைப் பிடிப்பது. நான் குற்றவாளியை இடம் மாற்றிக்கொண்டே இருந்தேன். பயணம் தள்ளிப்போனது. மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

ஒரு நாள் என்னிடம் சொல்லாமலே இருவரும் கிளம்பிவிட்டார்கள். கரை தாண்டியதும் நடுக்கம் அதிகமாகித் திரும்பி வந்தார்கள். நியாயமாகப் பார்த்தால், ஐந்து சிலிண்டரை வைத்துக்கொண்டே கடலைத் தாண்டிவிடலாம். பெரும்பாலும்.

மகள் இறங்கிய கையோடு ஆறு நாசிலையும் கழற்றி, ஆளுக்கொரு ஜாம் பாட்டிலில் விட்டு, பெட்ரோல் பம்பைப் போட்டாள். ஐந்து பாட்டில் நிறைந்தன, ஒன்று பாதியில் நின்றது. அந்த நாசிலைத் தட்டினாள். நரைமுடி விழுந்தது.

"அப்பா, இது உங்க மீசை."

"காத்துல பறந்து வந்து விழுந்திருக்கும்மா."

"மூணு முடியும் ஒண்ணா முறுக்கிக்கிட்டா?"

அன்றைக்கே உங்களுக்குப் புகார் எழுதிவிட்டாள். பெற்ற அப்பன் என்றுகூடப் பார்க்கவில்லை. மனசு விட்டுப்போயிற்று சார்.

நீங்களும் இரக்கமுள்ளவர். விசாரணை முடிந்ததும் அவர்கள் இருவரையும் நாளைக் காலை உங்கள் விமானத்திலேயே தீவில் இறக்கிவிடுவதாகச் சொன்னீர்களாம். நல்ல மனசு உங்களுக்கு.

எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் செய்தது நான்தான். மாப்பிள்ளையின் விமானத்தை இனிக் கையால்கூடத் தொடமாட்டேன், என் மகள்மேல் சத்தியம்.

ஏன் சார் என் மீசையையே பார்க்கிறீர்கள்? இடப்பக்கம் ஏற்கெனவே குறைந்திருந்தது. நீங்கள் மதியம் சாப்பிடப் போயிருந்தபோது வலப்பக்கத்தையும் சமமாக்கிவிட்டேன். காலையில் உங்கள் இன்ஜின் லேசாக நடுங்கும், பதறாதீர்கள். பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.